தானாக இறங்கும் திரை

"எங்கப்பா செத்ததுக்கு இந்தப் பொண்ணுதான் காரணம். இன்னிக்கே சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்புங்க!"

ஆம்புலன்ஸ் அழைப்பு மையமே அதிரும்படி கத்தினான் மகன். பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா, அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும் இங்கே போன் செய்தவள் அவள்தான். வண்டி வரவேயில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள், அன்று அந்த அழைப்பை எடுத்த பெண்.

"சார், உங்க வீட்டு விலாசத்தை உடனே பதிஞ்சேன். 'அனுப்பு'ன்னு அமுக்கவும் செஞ்சேன். அந்த நேரம் பார்த்துப் புது அழைப்பு ஒண்ணு வந்துச்சு. புதுசு வந்தா இந்தத் திரை தானா கீழே இறங்கிடும் சார். உங்க வரி மேலே ஓடிடுச்சு. நான் அமுக்கினது அடுத்த வரியில விழுந்து, வண்டி கால் சுளுக்கின ஒருத்தர் வீட்டுக்குப் போயிடுச்சு."

"கதை விடாதே! கண்ணு எங்க இருந்துச்சு?"

"நீங்களே பாருங்க சார்."

அவள் ஒரு வரியின்மேல் அம்புக்குறியை நிறுத்தினாள். அடுத்த மேசையில் யாரோ ஓர் அழைப்பைப் பதிந்தார்கள். மொத்தப் பட்டியலும் சர்ரென்று நழுவி, அம்புக்குறிக்குக் கீழே வேறொரு விலாசம் வந்து நின்றது.

மகன் குனிந்து அந்தத் திரையை உற்றுப் பார்த்தான். அப்புறம் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

"திரை மேல பழியைப் போட்டுத் தப்பிக்கப் பாக்கிறியா?"

"முன்னாடி இப்படி இல்லை சார். போன மாசம்தான் சாப்ட்வேர் கம்பெனிக்காரங்க மாத்தினாங்க. கை தடுமாறுது, வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டோம். 'போகப் போகப் பழகிடும்'னு சொல்லிட்டாங்களாம்."

மேலாளர் நெளிந்தார். "பழையபடி மாத்தித் தரச் சொல்லி நாங்க கேட்டது உண்மைதான் சார். ஆனா நீங்க புகார் கொடுத்தா இவளை வேலையை விட்டு எடுத்தே ஆகணும். மாமனார், மாமியார், படிக்கிற பிள்ளைன்னு அத்தனை பேருக்கும் இவ சம்பாத்தியம்தான்."

அம்மா மகனின் கையைத் தொட்டாள். "விட்டுடுப்பா. அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி தெரியலை. அவ வயித்துல அடிச்சா உங்கப்பா எழுந்து வந்துடுவாரா?"

"நீங்க சும்மா இருங்கம்மா! உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சார், திரையில ஒரு கோளாறும் இல்லை. தப்பு முழுக்க இவளோடது. அப்படியே எழுதிக்கோங்க."

பெற்ற தாய் கெஞ்சியும் இரங்காத மனசு, வேறு யாருக்கு இரங்கும்? அந்தப் பெண் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் அம்மாவைக் காரில் உட்காரவைத்தான். "ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கிக் குரலைத் தாழ்த்தினான்.

"டேய், புதுசு வந்தா தானா கீழே இறங்குற மாதிரி அந்த ஆம்புலன்ஸ் திரைக்கு நான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேனே, அதைச் சத்தமில்லாம இப்பவே எடுத்துடு. நான் எழுதினதுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, முக்கியமா எங்கம்மாவுக்கு."