குதிரைக்காரன் சாகமாட்டான்

“குதிரைக்காரன் சாகமாட்டான். ஏழு தடவை பார்த்தவ சொல்றேன்” என்று சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் அம்மா.

அந்தப் பழைய கௌபாய் படத்தைக் கீறல், புள்ளியெல்லாம் நீக்கிப் புதுசாக்கி டிஸ்க்கில் விட்டிருந்தார்கள். மகள்தான் வாங்கி வந்திருந்தாள்.

“மனதை உலுக்கும் முடிவுன்னு அட்டையில போட்டிருக்கேம்மா.”

“அட்டைக்கு என்னடி தெரியும்? ஹீரோ செத்தா நான் படமே பார்க்கமாட்டேன். அன்னைக்கு தியேட்டர் வாசல்லயே கேட்டேன். ‘சாகமாட்டான், நான் கேரண்டி’ன்னு பதில் வந்த பிறகுதான் டிக்கெட்டே எடுத்தேன்.”

அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வில்லன் விழுந்ததும் ரிமோட்டை எடுத்தார். “குதிரை ஏறிட்டான், அவ்வளவுதான். வாங்க, சாப்பிடலாம்.”

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குப்பா” என்று மகள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

குதிரை மெல்ல நடந்தது. மேலே இருந்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை.

அம்மாவுக்கு முகம் சிவந்தது. “புதுசாக்கறேன்னு சொல்லி ஆளையே கொன்னுட்டானுங்களே.”

“அவங்க கொல்லல” என்று மெதுவாக வாயைத் திறந்தார் அப்பா, அந்தத் தியேட்டரில் அன்று படம் ஓட்டிய ஆபரேட்டர். “நான்தான் காப்பாத்தி வச்சிருந்தேன். வாசல்ல உனக்கு வாக்குக் குடுத்துட்டு, மேல போய் அந்த ரெண்டு நிமிஷத்தை வெட்டி எடுத்துட்டேன்.”

சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்தார்.

“உட்காருங்க” என்றாள் அம்மா. “கல்யாணத்துக்கு அப்புறம் எங்கிட்ட சொன்னதுல எதையெல்லாம் வெட்டினீங்க? அதையும் இப்பவே முழுசா பார்த்துடுவோம்.”