நாத்தனார் மகளின் எண்பத்தொன்று

“இது என்ன அநியாயம் டீச்சர்?”

மார்க் ஷீட் இரண்டை மேஜைமேல் போட்டாள் அந்த அம்மாள். ஒன்று மகளுடையது. இன்னொன்று நாத்தனார் மகளுடையது. அது எப்படி இவள் கைக்கு வந்தது என்று கேட்கக் கூடாது.

“என் பொண்ணு பரீட்சையில தொண்ணூறு, வீட்டுப்பாடத்துல அறுபது. மொத்தம் எண்பத்தொண்ணு. அந்தப் பொண்ணு பரீட்சையில வெறும் அறுபது. அவளுக்கும் எண்பத்தொண்ணா?”

“அவ வீட்டுப்பாடத்துல தொண்ணூறும்மா.”

“இருக்கட்டுமே! என் பொண்ணுக்குப் பரீட்சைக்கு எழுபது சதவீத வெயிட்டேஜ். அவளுக்கு மட்டும் வீட்டுப்பாடத்துக்கு எழுபதா? ஆளுக்கொரு கணக்கா?”

“எப்படிப் போட்டா மார்க் கூடுதலா வருதோ, அப்படிப் போடறோம். எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான்.”

“நல்லாயிருக்கே கதை! எல்லாருக்கும் பரீட்சைக்கே எழுபது போடுங்க.”

டீச்சர் கால்குலேட்டரைத் தட்டினார். “அப்ப அவ அறுபத்தொன்பதுக்கு வந்துடுவா. எழுபத்தஞ்சு இல்லாம அடுத்த வருஷம் கணக்குப் பிரிவுல இடம் கிடைக்காது. ரொம்ப ஆசைப்படறா, பாவம்.”

“நியாயம்னா நியாயம்தான் டீச்சர்.” முகத்தில் பூரிப்புத் தாங்கவில்லை.

டீச்சர் பெருமூச்சு விட்டார்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. ஆனா சொல்லித்தான் ஆகணும். போன பருவம் உங்க பொண்ணு ஜுரத்தோட பரீட்சை எழுதி அம்பதுதான் வாங்கினா. பரீட்சைக்கே எழுபதுங்கற பழைய கணக்குப்படி அறுபத்திரண்டு. கார்டுல எழுபத்தெட்டுன்னு வந்துச்சே, எப்படி?”

“அவ... கெட்டிக்காரி.”

“கெட்டிக்காரிதான். வீட்டுப்பாடத்துல தொண்ணூறு. ‘ஒரு நாள் ஜுரத்துல அவ உழைப்பெல்லாம் வீணாப் போகணுமா? வீட்டுப்பாடத்துக்கு வெயிட்டேஜ் கூட்டுங்க’ன்னு எங்ககிட்ட மல்லுக்கு நின்னது யார் தெரியுமா? உங்க நாத்தனார். ‘என் அண்ணன் பொண்ணு’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. அதுக்கப்புறம் வந்த ரூல்தாம்மா இது.”

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியது. மார்க் ஷீட்டுகளை மெதுவாக எடுத்து மடித்தாள்.

“எண்பத்தொண்ணு அப்படியே இருக்கட்டும் டீச்சர்.”

வெளியே, மகளைக் கூட்டிப் போக வந்திருந்த நாத்தனார் எதிர்ப்பட்டாள்.

“என்ன அண்ணி, ஸ்கூல் பக்கம்?”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள் அண்ணி.

“வேற என்ன? நம்ம பொண்ணு மார்க்குல எவளாவது கை வைக்க வந்தா விட்டுடுவேனா? அதான் டீச்சரை ஒரு பிடி பிடிச்சிட்டு வரேன்!”