ஐம்பதும் தப்பு

“இந்தம்மாவுக்குப் படிக்கிற எண்ணமே இல்லீங்க சார். பேரை அடிச்சுடலாம்” என்று விடைத்தாளை மேஜைமேல் போட்டார் பயிற்சியாளர் குணசீலன். “அம்பது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் நாலு பதில் குடுத்திருக்குது. கண்ண மூடிக்கிட்டுக் குறிச்சாலே பத்துப் பன்னண்டு சரியா உழுகுமுங்க. இவங்களுக்குச் சுத்தமாப் பூச்சியம்!”

சந்திரசேகருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். தொழில் படிக்க வருகிறவர்களுக்கு ஆர்வம் எவ்வளவு, இலக்கு என்ன என்று அளந்து பார்க்க ஒரு கேள்விப் படிவத்தோடு சென்னையிலிருந்து திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தான் அவன். போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டக் கற்றுத்தரும் மையம் இது. மூன்று மாதப் படிப்பு, இலவசம்.

பெயிலானவர்கள் அடுத்த பேட்சில் மறுபடியும் உட்காரலாம். ராமாத்தாள் அப்படி மூன்று பேட்ச் உட்கார்ந்தாகிவிட்டது. நாலாவதாகவும் உட்கார வேண்டுமானால், அவளுக்கு ஆர்வம் இருக்கிறதென்று சந்திரசேகரின் படிவம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்றோடு சரி.

“ஒழுங்கா வர்றாங்களா?”

“அதையேன் கேக்கறீங்க! நான் சாவி எடுத்துட்டு வாரதுக்குள்ள வாசப்படியில நிப்பாங்க. சாயங்காலம் லைட்டை அணைச்சாத்தான் எந்திரிப்பாங்க. காயிலும் அருமையாக் கட்டுவாங்க. பேனாவைக் கையில குடுத்தாத்தான் போச்சு.”

ராமாத்தாள் வந்து ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. விரல்களில் வார்னிஷ் கறை.

“பேரை அடிச்சுருவீங்களா சாமி?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

“இதை நிரப்புங்கம்மா, பார்க்கலாம்.”

இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். ‘வகுப்புக்கு வர எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ஐந்து. ‘விடுமுறை நாளிலும் வகுப்பை நினைத்துக்கொள்வேன்’ என்பதற்கும் ஐந்து. அழுத்திய அழுத்தில் காகிதமே கிழிந்துவிட்டது. கூட்டிப் பார்த்தான். நூற்றுக்கு நூறு! இத்தனை ஊர் சுற்றியும் இப்படி ஒரு மார்க்கை அவன் பார்த்ததில்லை.

கடைசியில், ‘இப்பயிற்சியின் மூலம் நீங்கள் அடைய விரும்புவது’ என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள். வாரது.

“இது என்னம்மா, வாரது? வருமானம்னு எழுத வந்தீங்களா?”

அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பிடியே வெச்சுக்குங்க சாமி.”

அவனே அதை அடித்து ‘வருமானம்’ என்று திருத்தினான்.

“வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நாந்தானுங்க. அவரு தவறி அஞ்சு வருசமாச்சு. பையன் போர் போடற ரிக் வண்டியோட ராஜஸ்தான்ல கெடக்கறான். தீவாளிக்கு ரெண்டு நாள் எட்டிப் பாப்பான்.” சிரித்தாள். “டிவியப் போட்டு உட்டுட்டுத்தானுங்க சோறு திங்கறது. இல்லாட்டி மெல்லுற சத்தம் நமக்கே கேக்குது.”

சந்திரசேகருக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை ஆர்வம், கையில் இத்தனை சுத்தமான வேலை, எல்லாவற்றையும் பாழாய்ப்போன பரீட்சை பயம் கெடுக்கிறதே! நேரே குணசீலனிடம் போனான்.

“சார், இவங்களுக்கு ஆர்வம் இல்லேன்னா வேற யாருக்கும் இல்லை. எழுத்துப் பரீட்சை எதுக்கு? கைவேலையைப் பார்த்து பாஸ் போடுங்க.”

குணசீலன் தலையைச் சொறிந்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். சந்திரசேகரும் வாங்கிப் பேசினான். கெஞ்சினான் என்றே சொல்லலாம். அரைமணி நேரத்தில் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டது.

“அம்மா, உங்க பேரை யாரும் அடிக்கலை. பாஸ் போட்டாச்சு!” இரண்டு கைகளாலும் நீட்டினான். “பரீட்சையே வேண்டாம்னுட்டாங்க. பிடிங்க சர்டிபிகேட்டை.”

வகுப்பே கைதட்டியது. பக்கத்து பெஞ்ச் ரஞ்சிதா விசில்கூட அடித்தாள்.

ராமாத்தாள் கை நீட்டவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

“அதெப்பிடிங்க? ஒண்ணுகூடச் சரியாயிரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத்தானுங்களே குறிச்சேன்?”

கைதட்டல் நின்றது. பாதி கட்டிய காயில் கிடந்த தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இனி நாளைக்கு நான் எங்கீங்க சாமி வாரது?”