லின் தெட் முகத்துக்கு மேலே

ஓன் சீ அக்கா வீட்டுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் மா சான்தான் இதை எனக்குச் சொன்னாள். மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில்கூட யாங்கூனில் யாரும் யார்மேலும் தண்ணீர் ஊற்றாத அந்த வருஷம்.

ஓன் சீ அக்காவோடு அப்போது தெருவில் யாரும் பேச மாட்டார்கள். அவள் மகன் ராணுவத்தில் சிப்பாய். அதனால்தான் இளவட்டங்கள் வேண்டுமென்றே அவள் வீட்டு மதிலில் லின் தெட்டின் முகத்தை வரைந்தார்கள். ராணுவத்தை எதிர்த்துப் போன ஊர்வலத்தில் சுடப்பட்டுச் செத்த பையன்.

"போகும்போதும் வரும்போதும் பார்க்கட்டும்" என்றார்கள்.

பையனின் உடம்பைக்கூட ராணுவம் கொடுக்கவில்லை. அவன் அம்மா கின் லேவுக்கு அந்த மதில்தான் எல்லாம். காலையில் வந்து மல்லிகை வைத்துவிட்டுப் போவாள்.

அன்றைக்கு வந்தபோது படத்தைக் காணோம். மதில் நெடுகத் துணி காயப்போடும் கொடி கட்டி, ஓன் சீ அக்கா தான் இடுப்பில் கட்டும் பழைய லுங்கிகளை ஈரத்தோடு போட்டிருந்தாள்.

கின் லே கத்தவில்லை.

"பொம்பளை இடுப்புல கட்டின துணிய என் பிள்ளை முகத்துமேல போட்டிருக்கியே. ஆம்பளைப் பிள்ளைக்கு இதவிட அவமானம் உண்டா? உன் மகன் தலைக்குமேல இப்படிப் போடுவியா?"

"மாட்டேன்" என்றாள் ஓன் சீ அக்கா. "இப்ப வீட்டுக்குப் போ தங்கச்சி."

"சிப்பாயைப் பெத்தவகிட்ட வேற என்ன இருக்கும்" என்றார் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர்.

கொஞ்ச நேரத்தில் ராணுவ லாரி வந்து நின்றது. சிப்பாய்கள் சுண்ணாம்பு வாளியோடு இறங்கி, தெருவில் இருந்த படங்களின்மேல் வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார்கள். ஓன் சீ அக்கா வீட்டு மதிலுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

"இதையெல்லாம் எடும்மா" என்றார் அதிகாரி.

"இடுப்பு பிடிச்சிருக்கு தம்பி. நீங்களே எடுத்துக்குங்க."

யாரும் கை நீட்டவில்லை.

"நீ எடுடா" என்றான் ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்றவனிடம்.

"பொம்பளை லுங்கியத் தொட்டா ஆம்பளை பலமே போயிடும். இதைத் தொட்டுட்டு நாளைக்குச் சண்டையில குண்டு வாங்கவா? நீ எடு."

"விடுங்கடா, நம்ம ஆள் வீடுதானே" என்று அதிகாரி கொடியை விட்டு ஒதுங்கி, தெருவின் எதிர் ஓரமாகவே நடந்தார்.

லாரி போனதும் கின் லே திரும்பி வந்தாள். தெரு முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு படாதது அந்த ஒரு மதில்தான்.

மெதுவாக லுங்கியை விலக்கினாள். அப்போதும் பிள்ளை முகம் தெரியவில்லை.

ஓன் சீ அக்கா புத்த மடத்துக்குப் போகும்போது மட்டும் தோளில் போடும் பழுப்பு மேல்துணி, லுங்கி பட்டுவிடாதபடி, அந்த முகத்தின்மேல் முதலில் போர்த்தியிருந்தது.

இன்றைக்கு விளக்கேற்றிக் கும்பிடும்போது, அந்த இரண்டு அம்மாக்களின் பிள்ளைகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.