ஐஸ் போட்டும் ஆறாத இன்ஜின்

"உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான் சார்," என்றார் புது மெக்கானிக், பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

பல் டாக்டருக்கு உள்ளூர ஒரு திருப்தி. தான் சந்தேகப்பட்டது சரிதான்.

ஐம்பதுக்கு மேல் வந்த ஆசை. பழைய கார் ஒன்றை வாங்கி அதில் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி. வண்டி பறக்கும். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். சூடு ஏறினால், இன்ஜின் கெட்டுவிடுமே என்று வண்டியின் கம்ப்யூட்டரே பவரை இழுத்துப் பிடித்துவிடும்.

முதலில் நன்றாகத்தான் பறந்தது. போன வருஷம் நெஞ்சடைப்பால் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து மறுபடி வண்டியை எடுத்தவருக்கு ஒரே ஏமாற்றம். காற்றின் சூடு இறங்கவே இல்லை. பெரிய கூலர் வைத்தார். குழாய்களுக்கெல்லாம் சூடு தாங்கும் துணி சுற்றினார். கூலரின் தண்ணீர்த் தொட்டியில் ஐஸைக் கொட்டினார். ம்ஹூம்.

மகளுக்கும் இதே பைத்தியம், இதே மாதிரி வண்டி, இதே புலம்பல்.

"அப்பனும் மகளும் ஐஸ் கடை வைக்கப் போறீங்களா? ஃப்ரீசர்ல ஒரு கரண்டி வைக்க இடமில்ல," என்பாள் மனைவி.

"வேலை பார்த்தது யாரு சார்?" என்றார் புது மெக்கானிக்.

"தந்தி."

வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறவனைப் போல அளந்து பேசுவதால் அந்தப் பழைய மெக்கானிக்குக் கிடைத்த பெயர்.

"இதைப் பாருங்க அவன் வேலையை." புது மெக்கானிக் உள்ளங்கையை விரித்தார். நகத்தளவு ஒரு கறுப்புப் பொருள், இரண்டு ஒயர்கள். "காத்தோட சூட்டை அளக்குற சென்சார் ஒயர்ல நடுவுல சொருகி வச்சிருக்கான். காத்து ஜில்லுனு வந்தாலும் கொதிக்குதுன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லும். நீங்க ஐஸ் மலையையே கொட்டினாலும் மீட்டர் இறங்காது. எடுத்துட்டு ஒயரை நேரா சேர்த்துட்டேன். நம்ம கார் குரூப்ல போட்டு அவனை நாறடிக்கலாம் சார்."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

அந்தப் பொருள் அவருக்குத் தெரியும். அதை வைக்கச் சொன்னதே அவர்தான். மகளின் வண்டியில்.

மகள் கார் வாங்கிய நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. 'வேண்டாம்மா' என்று எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? தந்தியிடம் ரகசியமாகப் போனார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வேகம் மட்டும் குறைய வேண்டும், அவளுக்குத் தெரியக் கூடாது. தந்தி தலையாட்டினான்.

பாவி, வண்டியை மாற்றி மாட்டியிருக்கிறான்!

அப்படியென்றால் அவள் வண்டி? இன்று காலைதான் அவளுடைய முதல் கார்ப் போட்டி.

போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

அந்தப் பொருளைப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதுமே வண்டி சீறியது. இத்தனை மாதமாக ஏங்கிய வேகம். இதே வேகத்தில்தானே இப்போது அவளும் போவாள் என்று நினைத்ததும் காலைத் தளர்த்தினார். மெதுவாகவே ஓட்டினார். சிக்னலில் நின்றபோதெல்லாம் மகளைக் கூப்பிட்டார்.

தன் ஷெட்டில் தந்தி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான்.

"வெளிய வாடா. எந்த வண்டின்னு பார்த்து மாட்ட மாட்டியா? கண்ணு எங்க இருந்தது உனக்கு?"

தந்தி ஊர்ந்து வெளியே வந்தான். டாக்டர் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"மாத்தலை சார்."

"இது என் வண்டியில இருந்து எடுத்தது."

"தெரியும்."

"அப்ப அவ வண்டியில?"

"அதுலயும் இருக்கு."

நம்புவதா வேண்டாமா என்று புரியாமல் டாக்டர் நின்றபோது போன் அடித்தது.

"என்னப்பா இத்தனை மிஸ்டு கால்? ஹெல்மெட்டுக்குள்ள கேட்கல. நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா, இல்ல. போட்டி என்னாச்சு?"

"கடைசி. ஐஸ் அள்ளி அள்ளிப் போட்டேன், சூடு இறங்கினாத்தானே. பேசாம டாக்ஸிக்கு விட்டுடுன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

டாக்டர் அங்கே கிடந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குரலைச் சரி செய்துகொண்டார்.

"அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டுப் பாரும்மா."

"நீங்களும்தான்ப்பா. ஒரு நிமிஷம், யாரோ கூப்பிடறாங்க. கட் பண்ணாதீங்க, வந்துடறேன்."

டாக்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். பயம் இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது.

"அப்ப என் வண்டியில எதுக்குடா வச்சே? யாரைக் கேட்டு வச்சே?"

தந்தி கைக் கிரீஸைத் துணியில் துடைத்தான். டாக்டருக்குத் தெரிந்து முதல் தடவையாக நீளமாகப் பேசினான்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒருத்தங்க வந்தாங்க சார். 'வண்டியை விக்கச் சொன்னா அவரு மனசு உடைஞ்சிடும். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, வேகம் மட்டும் குறையணும், அவருக்குத் தெரியக் கூடாது'ன்னாங்க. அப்புறம் நீங்க வந்து அதையே சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"யாரு? என் பொண்டாட்டியா?"

தந்தி, டாக்டர் பொத்திப் பிடித்திருந்த போனைப் பார்த்தான்.

"லைன்ல இருக்காங்க சார்."