சல்லிசாக வாங்கிய மைக்

கடையில் நாலைந்து மைக்குகளில் பாடிப் பார்த்துவிட்டு, பாடகி கைக்கு எட்டும் விலையில் இருந்ததையே எடுத்தாள். அவள் குரல் அதில்தான் பிசிறில்லாமல் விழுந்தது.

"அக்கா, மலிவுன்னாலும் நம்ம மைக் ஒரு மூச்சக்கூட தவறவிடாது போலயே!" என்று சிரித்தான் கூட வந்த தம்பி.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்தாள். அதை ஹெட்போனில் கேட்ட கணவனின் முகம் வெளிறியது.

"நல்லாத்தான் பாடியிருக்க. கடைசியில ஏன் 'தம்பி, தம்பி'ன்னு அப்படிக் கதறுற?"

"நான் எங்கங்க கதறினேன்? பாட்டு முடிஞ்சதும் நிறுத்திட்டேனே!"

ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டாள். சந்தேகமே இல்லை, அவள் குரல்தான்; ஆனால் அப்படி அவள் இன்னும் கதறவே இல்லை.

"அக்கா, வண்டியில ஒரு எட்டு போயிட்டு இதோ வந்துடறேன்" என்று கூடத்திலிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

அவள் அலறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அவன் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியிருந்தது.