பூனை மாதிரி ஒரு ஜீப்

“எல்லாரும் வண்டி இடி மாதிரி வரணும்னு கேக்கறாங்க. நீ என்னப்பா, பூனை மாதிரி வரணும்ங்கறே?”

ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார் மெக்கானிக் அப்பாசாமி. ஜீப் டிரைவர் அர்த்தனாரி தலையைச் சொறிந்தான்.

அந்த ஜீப் யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் இரண்டு கை மாறி, கொல்லிமலையில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தது. மலைப்பாதைக் கல்லில் இடித்து இடித்துச் சைலன்சர் ஓட்டையாகி, நாலைந்து மாதமாக ஒரே அலறல். அதன் சொந்தச் சைலன்சர் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைத்ததை மாட்டிக்கொண்டு வா என்று முதலாளி மலைக்குக் கீழே சேந்தமங்கலத்துக்கு அனுப்பிவிட்டார்.

அப்பாசாமியின் பட்டறையில் மூன்று இருந்தன. ஒன்று வெறும் நேர்க்குழாய். ஏற்றத்தில் குதிரையாக இழுக்கும், சத்தம் மட்டும் நாமக்கல் வரைக்கும் கேட்கும். இன்னொன்று லாரியிலிருந்து கழற்றி வெட்டி ஒட்டியது. மூன்றாவது, சேலத்தில் யாரோ ஒரு பணக்காரருடைய பிளஷர் காரில் இருந்தது. அப்பாசாமி ஒவ்வொன்றாக மாட்டி ஆக்ஸிலேட்டரை மிதிக்க, அர்த்தனாரி ஒவ்வொரு தடவையும் புளியமரம் வரை நடந்துபோய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூன்றாவதுக்கு மரத்தடியில் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

“இதையே போடுங்க.”

“ஏத்தத்துல மூச்சு முட்டும்பா. அடியில தொங்குது, கல்லு தட்டுச்சுன்னா ஒரே மாசந்தான்.”

“ஒரு தடவை மேல போய்ச் சேர்ந்தாப் போதுங்க.”

அப்பாசாமி ஸ்பானரைக் கீழே வைத்தார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொல் என்று உட்கார்ந்துவிட்டார். இனி சொல்லாமல் தப்ப முடியாது.

விஷயம் இதுதான். அவன் மனைவி இருசாயி கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு வர முடியாது என்று சொன்னானே, அந்தக் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். வேறு காரணம் அவன் மண்டைக்கு எட்டவில்லை. அவள் வீடு மலைமேல் வாழவந்தி நாட்டில், ஜீப் போகிற பாதையிலேயே, வளைவை ஒட்டி இருக்கிறது. ஆனால் அவள் வகையறாவில் ஒரு கட்டு உண்டு. கோபித்து வந்த பெண் தானாக வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். அதற்கு முன்னால் புருஷன் கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்கே அவமானம். ஊர்க்கூட்டம் கூடிவிடும்.

செவ்வாயும் சனியும் அவன் அந்த வழியாகப் போகிறான். மேல் வளைவில் வரும்போதே தெரியும், சாமைக்காட்டில் குனிந்திருக்கும் இருசாயி சத்தம் கேட்டுத் தலை தூக்குவாள். அடுத்த நொடி களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துவாள். அவன் வளைவில் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், என்ன வேடிக்கை என்று பிடுங்குவார். கதவு திறக்காது. அவன் கிளம்பிவிடுவான்.

“மூணு மாசமா முதுகைத்தாங்க பாக்கறேன். மூஞ்சியை ஒருக்காப் பாத்தாப் போதும்” என்றான். அவள் இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டக்கூட அவனுக்கு மனசு வரவில்லை.

அப்பாசாமி பீடியை எறிந்துவிட்டு ஜீப்புக்கு அடியில் படுத்தார். பிளஷர் கார் சைலன்சரை எவ்வளவு மேலே தூக்கிக் கட்ட முடியுமோ அவ்வளவு தூக்கிக் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அவர் சொன்னது பொய்யாகவில்லை. ஏற்றத்தில் ஜீப் திணறிற்று. இரண்டு இடத்தில் நின்றே போனது. கல்லை முட்டுக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வழியாக மலை ஏறினான். நல்ல வேளை, அன்றைக்கு ரைட்டர் வரவில்லை.

வளைவுக்கு மேலே எஞ்சினை அணைத்து இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்தான். இருசாயி பாதை ஓரமாகவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை செம்மண், கிழிந்த சேலை, தலையில் துணிக்கட்டு. பத்தடி தூரத்தில் ஜீப் நின்ற பிறகுதான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் விக்கித்துப்போய்த் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“ஓடாதே புள்ள. ஒரு சொல்லு பேசிட்டுப் போயிர்றேன்.”

அவள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

“இப்படிச் சத்தமில்லாம ஏனுங்க வந்தீங்க?”

“சத்தம் கேட்டா ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கறியே. என் மூஞ்சியில முழிக்கப் புடிக்காமத்தானே?”

இருசாயி திரும்பினாள். கண் நிறைந்து வழிந்தது.

“நான் இங்க வர்றதுக்கு முன்ன, காட்டுல இருந்து ஓடியாந்த என்னைப் பாத்து, மொதலாளியம்மா முன்னால, ‘இந்தக் கோலத்துல ஜீப்புக்கிட்ட வந்து மானத்தை வாங்காதே’ன்னு சொன்னது நீங்கதானுங்களே? சத்தம் கேட்டதும் உள்ள ஓடி, மூஞ்சி கழுவி, கல்யாணச் சேலையைக் கட்டிக்கிட்டு வாசலுக்கு வந்து பாத்தா, ஒவ்வொருக்காலும் உங்க ஜீப்புப் புழுதிதானுங்க நிக்குது.”